காஸ்டோர்னிஸ்: வேட்டைப் பறவை என்று நம்பப்பட்ட ஒரு தாவர உண்ணி

இருபதாம் நூற்றாண்டில் வெளிவந்த தொல்லுயிர்ப் படநூல்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரையப்பட்டது. ஆளுயரத்தை மிஞ்சிய, பறக்க முடியாத ஒரு பறவை, சிறு நாயின் அளவே இருந்த ஆதிக் குதிரை ஒன்றைத் துரத்திப் பிடித்துத் தன் பேரலகில் கவ்விக்கொண்டு நிற்கும். டைனோசர்கள் அழிந்த பிறகு, பாலூட்டிகள் தலையெடுப்பதற்கு முன்பு, நிலத்தை ஆண்டவை இத்தகைய கொலைப் பறவைகளே என்ற விளக்கமும் அதனுடன் இருக்கும். அந்தப் பறவைக்கு ஐரோப்பாவில் காஸ்டோர்னிஸ் என்றும் அமெரிக்காவில் டயாட்ரிமா என்றும் பெயர். அது குதிரையை வேட்டையாடவில்லை, தாவர உணவையே தின்று வாழ்ந்தது என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு மறைந்துபோன ஓர் உயிரினம் எதைத் தின்றது என்பதை எஞ்சிய எலும்புகளைக் கொண்டு எவ்வாறு அறிகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, இந்தப் பறவையின் வரலாறு மிகவும் பொருத்தமான எடுத்துக்காட்டு.

காஸ்டோர்னிஸ் என்பது ஒரே ஒரு பறவையினத்தின் பெயரன்று. அது ஒரு பேரினத்தின் பெயர். நெருங்கிய உறவுடைய பல சிற்றினங்களை ஒன்றாகத் தொகுத்து உயிரியலாளர்கள் வழங்கும் பெயரே பேரினம். சிங்கமும் புலியும் வெவ்வேறு சிற்றினங்கள் என்றாலும் இரண்டும் பாந்தெரா என்ற ஒரே பேரினத்தில் அடங்குவது போல, பிரான்சிலும் ஜெர்மனியிலும் வட அமெரிக்காவிலும் சீனாவிலும் கிடைத்த சற்றே வேறுபட்ட பெரும்பறவைகள் காஸ்டோர்னிஸ் என்ற பேரினத்தின் கீழ் வருகின்றன. டைனோசர்கள் அழிந்தது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. காஸ்டோர்னிஸ் வாழ்ந்தது அதற்குப் பிந்தைய பேலியோசீன் காலத்தின் நடுப்பகுதி தொடங்கி இயோசீன் காலத்தின் நடுப்பகுதி வரை, அதாவது ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை. நியூசிலாந்தின் மோவா, மடகாஸ்கரின் யானைப்பறவை ஆகிய பெரும்பறவைகளை மனிதர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். அவற்றின் அழிவில் மனிதர்களுக்குப் பெரும் பங்கும் உண்டு. காஸ்டோர்னிஸின் அழிவுக்கும் மனிதருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது மறைந்தபோது குரங்கினங்களின் மூதாதையரே மரக்கிளைகளில் வாழ்ந்த சிறு விலங்குகளாகத்தான் இருந்தனர்.

அப்போதைய உலகம் இன்றையதைவிடப் பெரிதும் வெப்பமானது. துருவங்களில் நிலையான பனிப்படலம் இல்லை. கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வெகு வடக்கே உள்ள எல்ஸ்மியர் தீவில், அக்காலத்தில் சதுப்புக் காடுகள் இருந்தன. முதலை இனங்களும் ஆமைகளும் டேப்பிரின் உறவு விலங்குகளும் அங்கே வாழ்ந்தன. அந்தத் தீவில் 1970களில் சேகரிக்கப்பட்ட ஒரு விரலெலும்பு காஸ்டோர்னிஸுக்கு உரியது என்று 2016இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. இன்று போலவே அன்றும் அங்கே குளிர்காலத்தில் பல மாதங்கள் சூரியன் உதிக்காது என்பதை நினைவில் கொண்டால், ஒற்றை விரலெலும்பு எவ்வளவு பெரிய செய்தியைச் சுமந்திருக்கிறது என்பது விளங்கும். ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் கிரீன்லாந்து வழியாக இணைத்த நிலப்பாலம் அப்போது இருந்ததால், பறக்க முடியாத பறவையும் கண்டம் விட்டுக் கண்டம் பரவ முடிந்தது.

இனி உடலமைப்பைப் பார்ப்போம். மிகப் பெரிய சிற்றினங்கள் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் நின்றன. உயரத்தில் இன்றைய நெருப்புக்கோழி இதை மிஞ்சிவிடும். ஆனால் நெருப்புக்கோழியின் உயரத்தில் பெரும்பகுதி மெல்லிய கழுத்தும் நீண்ட கால்களுமே. காஸ்டோர்னிஸோ தடித்த கழுத்தும் பருத்த கால்களும் கொண்ட, நூறு கிலோவை எளிதாகத் தாண்டக்கூடிய கனத்த பறவை. சிறகுகள் சுருங்கிப் பயனற்றுப் போயிருந்தன. தலைதான் எவரையும் முதலில் ஈர்க்கும். பக்கவாட்டில் தட்டையாகவும் மேலிருந்து கீழாக மிக உயரமாகவும் இருந்த அலகு, மண்டையோட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய தலையுடைய பறவைக்கு நெருப்புக்கோழியும் ஈமுவும் நெருங்கிய உறவினர் அல்லர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். எலும்புகளின் நுட்பமான கூறுகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் இதனை வாத்துகளும் கோழிகளும் அடங்கிய பெரும்பிரிவில், வாத்துகளுக்கு நெருக்கமாக வைக்கிறார்கள்.

கண்டுபிடிப்பின் வரலாறு 1855இல் பாரிஸ் நகரை ஒட்டிய மெதோன் என்ற ஊரில் தொடங்குகிறது. அங்கே ஒரு பெரிய பறவையின் கால் எலும்பைக் கண்டெடுத்தவர் காஸ்டன் பிளாந்தே என்ற இளைஞர். அந்த எலும்பை ஆராய்ந்த எட்மண்ட் எபேர், கண்டெடுத்தவரைச் சிறப்பிக்கும் வகையில் பறவைக்கு அவர் பெயரையே சூட்டினார். பிளாந்தே பறவை ஆய்வைத் தொடரவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1859இல், மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய-அமில மின்கலத்தை உருவாக்கினார். இன்று பேருந்துகளிலும் வீட்டு இன்வெர்ட்டர்களிலும் இருக்கும் பேட்டரியின் மூலவடிவம் அதுவே. மின்சாரம் போனபிறகு வீட்டில் விளக்கெரியும்போதெல்லாம் ஒரு தொல்பறவையின் பெயருக்குரியவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று சொன்னால் மிகையாகாது.

1881இல் விக்டர் லெமுவான் என்ற பிரெஞ்சு அறிஞர், ரெய்ம்ஸ் பகுதியில் கிடைத்த எலும்புகளைச் சேர்த்து காஸ்டோர்னிஸின் முழு எலும்புக்கூட்டை வரைந்து காட்டினார். அதில் அந்தப் பறவை நாரையைப் போல ஒல்லியாகவும் நீண்ட கழுத்துடனும் இருந்தது. அவர் சேர்த்தவற்றில் வேறு விலங்குகளின் எலும்புகளும் கலந்திருந்தன என்பது மிகவும் பிற்காலத்தில்தான் உறுதியாயிற்று. இதற்கிடையே அமெரிக்காவில் எட்வர்ட் டிரிங்கர் கோப், நியூ மெக்சிகோவில் கிடைத்த துண்டு எலும்புகளைக் கொண்டு 1876இல் டயாட்ரிமா என்ற பேரினத்தை அறிவித்திருந்தார். 1916இல் வயோமிங் மாநிலத்தில் ஏறக்குறைய முழுமையான ஓர் எலும்புக்கூடு கிடைத்தது; அடுத்த ஆண்டே வில்லியம் டில்லர் மேத்யூ, வால்டர் கிரேஞ்சர் ஆகிய இருவரும் அதை விரிவாக விளக்கி எழுதினர். டயாட்ரிமா எவ்வளவு கனத்த பறவை என்பது அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. ஐரோப்பாவிலோ நாரை போன்ற அந்தத் தவறான வரைபடமே நிலைத்திருந்தது. ஒன்று மெலிந்தது, மற்றொன்று பருத்தது என்று தோன்றியதால் இரண்டும் ஒரே வகையாக இருக்கலாம் என்ற எண்ணம் நெடுங்காலம் வலுப்பெறவில்லை. லெமுவானின் வரைபடத்தில் இருந்த குழப்பம் 1990களில் வெளிப்பட்ட பிறகே, இரண்டையும் காஸ்டோர்னிஸ் என்ற ஒரே பேரினத்தில் சேர்க்கும் கருத்து பரவலாயிற்று. இக்கட்டுரையிலும் அந்தப் பெயரே இரண்டுக்கும் பயன்படுத்தப்படுகிறது.

இந்தப் பறவை ஏன் ஊனுண்ணி என்று கருதப்பட்டது? பெரிய தலையும் வலிய அலகும் பார்த்தவுடன் அச்சமூட்டுவன என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் சற்று ஆழமானது. டைனோசர்கள் அழிந்ததும் பெரிய வேட்டை விலங்குகளின் இடம் காலியாகிவிட்டது. அந்த இடத்தை யாரோ நிரப்பியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஆய்வாளர்களிடம் இருந்தது. இருப்பவர்களில் பெரியவர் இந்தப் பறவையே. தென் அமெரிக்காவில் போருஸ்ராசிடுகள் என்ற பெரும்பறவைக் குடும்பம் உண்மையிலேயே வேட்டையாடி வாழ்ந்தது என்பதும் இந்த எண்ணத்துக்குத் துணைநின்றது. வெறும் தோற்றத்தை வைத்து மட்டுமே இந்தக் கருத்து நிலவியது என்று சொல்வதும் நியாயமாகாது. 1991இல் லாரன்ஸ் விட்மர், கென்னத் ரோஸ் ஆகியோர் தாடையின் இயக்கவியலைக் கணக்கிட்டு, இலைகளை மெல்ல இவ்வளவு வலிமை தேவையில்லை, எலும்பையே நொறுக்கக்கூடிய தாடை இது என்று வாதிட்டனர். அது நன்கு ஆராய்ந்து எழுதப்பட்ட வாதம். ஆனால் ஒரு தாடையால் எதைச் செய்ய முடியும் என்பதும், அந்த உயிரினம் அன்றாடம் எதைச் செய்தது என்பதும் வேறுவேறு கேள்விகள். வலிய தாடை கெட்டியான விதைகளையும் நார் மிகுந்த தண்டுகளையும் உடைக்கவும் உதவும்; கிளிகளின் அலகு அதற்குச் சான்று.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஆலிசன் ஆண்டர்ஸ் என்ற ஆய்வாளர் இதற்கு மாறான கருத்தை முன்வைத்தார். அவர் கவனித்தவற்றில் முதன்மையானது அலகின் நுனி. கழுகு, பருந்து, ஆந்தை என்று இறைச்சியைக் கிழித்துத் தின்னும் பறவைகள் எல்லாவற்றுக்கும் மேலலகின் நுனி கீழ்நோக்கி வளைந்த கொக்கியாக இருக்கும். போருஸ்ராசிடுகளின் அலகிலும் அந்தக் கொக்கி மிகத் தெளிவாகத் தெரிகிறது. இரையின் தோலைப் பற்றி இழுத்துக் கிழிக்க அது இன்றியமையாதது. பல்லில்லாத பறவைக்கு வேறு கருவி ஏது? காஸ்டோர்னிஸின் அலகில் அத்தகைய கொக்கி இல்லை. இரண்டாவது சான்று கால்கள். விரைந்து ஓடும் பறவைகளுக்குக் கணுக்காலுக்குக் கீழே உள்ள எலும்பு நீண்டும் மெலிந்தும் இருக்கும். காஸ்டோர்னிஸுக்கு அது குட்டையாகவும் தடித்தும் இருந்தது. குதிரையின் முன்னோரைத் துரத்திப் பிடிக்கும் கால்கள் அல்ல அவை, நிதானமாக நடந்து மேயும் கால்கள். மறைந்திருந்து பாய்ந்து தாக்கியிருக்கலாமே என்று எதிர்த்தரப்பினர் பதில் சொல்லாமலில்லை. ஆகவே எலும்பின் வடிவத்தை மட்டும் வைத்து இரு தரப்பும் வாதாடிக்கொண்டே இருக்க முடிந்தது.

2009இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மலைச்சரிவு ஏற்பட்டபோது வெளிப்பட்ட பாறைகளில், ஒரு பெரும்பறவையின் காலடித் தடங்கள் பதிந்திருந்தன. இயோசீன் காலத்து மண்ணில் பதிந்து கல்லாக இறுகிய அந்தத் தடங்கள் மூன்று விரல் கொண்ட கனத்த பாதத்தைக் காட்டின. அக்காலத்தில் அப்பகுதியில் இவ்வளவு பெரிய பாதம் கொண்டதாக அறியப்பட்ட பறவை காஸ்டோர்னிஸ் மட்டுமே. வேட்டைப் பறவைகளின் பாதத்தில் வளைந்த கூரிய நகங்கள் நீண்டிருக்கும். ஈர மண்ணில் அவை விரலுக்கு முன்னால் தனிப் புள்ளியாகக் குத்தியிருக்கும். இந்தத் தடங்களில் விரல்கள் குட்டையான முக்கோண நகங்களுடன் முடிந்தன. அவற்றால் இரையைப் பற்ற முடியாது. தடங்களை ஆராய்ந்தவர்கள் 2012இல் வெளியிட்ட கட்டுரையில், இது தாவர உண்ணி என்ற கருத்துக்கு வலுச்சேர்ப்பதாகவே எழுதினர்.

வாதத்தைப் பெருமளவு முடித்துவைத்தது வேதியியல். இதைப் புரிந்துகொள்ள ஐசோடோப்பு என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடையுடையவை அல்ல. கால்சியத்தை எடுத்துக்கொண்டால், பெரும்பாலான அணுக்கள் இலகுவானவை. சிறு பகுதி அணுக்கள் சற்றுக் கனமானவை. வேதியியல் பண்பில் இரண்டும் கால்சியமே. எடையில் மட்டுமே வேறுபாடு. இவ்வாறு எடையில் வேறுபடும் ஒரே தனிமத்தின் வடிவங்களையே ஐசோடோப்புகள் என்கிறோம். உடல் உணவிலிருந்து கால்சியத்தை எடுத்து எலும்பாக்கும்போது, சல்லடை நேர்த்தியான மாவை முதலில் கீழிறக்குவது போல, இலகுவான அணுக்களை எலும்புக்குள் சற்றுக் கூடுதலாகச் சேர்க்கிறது. எனவே ஒரு தாவர உண்ணியின் எலும்பில், அது தின்ற தாவரத்தில் இருந்ததைவிடக் கனமான கால்சியத்தின் விகிதம் குறைந்திருக்கும். அந்தத் தாவர உண்ணியை எலும்போடு சேர்த்துத் தின்னும் ஊனுண்ணிக்குக் கிடைப்பதோ ஏற்கெனவே ஒருமுறை இலகுவாக்கப்பட்ட கால்சியம். இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு என்பதால், ஊனுண்ணிகளின் கால்சியத்தில் பெரும்பகுதி இரையின் எலும்பிலிருந்தே வருகிறது. அதன் உடலும் அதே தேர்வை இன்னொருமுறை செய்வதால், விகிதம் மேலும் குறைகிறது. உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி மேலே ஏறும்போதும் எலும்பின் கால்சியம் இவ்வாறு ஒரு படி இலகுவாகிறது. அளந்து பார்த்தால் அந்த விலங்கு எந்தப் படியில் நின்றது என்பதை ஊகிக்கலாம்.

ஜெர்மனியின் தாமஸ் டூட்கன் தலைமையிலான குழு இந்த அளவீட்டைக் கெய்செல்டால் என்ற இடத்தின் காஸ்டோர்னிஸ் எலும்புகளில் செய்தது. கெய்செல்டால் முன்பு பழுப்பு நிலக்கரிச் சுரங்கமாக இருந்த பள்ளத்தாக்கு. இயோசீன் கால உயிரினங்களின் எச்சங்கள் வியக்கத்தக்க நிலையில் அங்கே கிடைத்துள்ளன. காஸ்டோர்னிஸின் கால்சிய விகிதத்தை, தாவர உண்ணி, ஊனுண்ணி ஆகிய இரு வகைப் பாலூட்டிகளோடும் டைனோசர்களோடும், டைரனோசாரஸ் ரெக்ஸ் உட்பட, ஒப்பிட்டபோது அது தாவர உண்ணிகளின் வரிசையிலேயே சேர்ந்தது. 2013இல் இந்த முடிவு ஒரு மாநாட்டில் அறிவிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு, 2014இல், டெல்பின் ஆன்ஸ்ட் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கார்பன் ஐசோடோப்புகளைக் கொண்டு அதே கேள்வியை அணுகினர். எலும்பின் கனிமப் பகுதியில் சிறிதளவு கார்பனும் சேர்ந்திருக்கும். உணவில் உள்ள கனமான கார்பனின் விகிதத்துக்கும் எலும்பில் சேரும் கார்பனின் விகிதத்துக்கும் இடையே ஒரு நிலையான இடைவெளி உண்டு; அந்த இடைவெளி எவ்வளவு என்பதை இன்று வாழும் பறவைகளில், ஊனுண்ணிகளுக்கும் தாவர உண்ணிகளுக்கும் தனித்தனியாக அளக்க முடியும். பிரான்சில் நான்கு இடங்களில் கிடைத்த காஸ்டோர்னிஸ் எலும்புகளை இவ்வாறு கணக்கிட்டபோது, அது தாவரங்களையே உண்டது என்ற விடை வந்தது. அதே குழு தாடைத் தசைகள் எங்கெங்கே ஒட்டியிருந்தன என்பதற்கான தடங்களை எலும்பில் தேடி, தசைகளின் அமைப்பையும் மீட்டுருவாக்கியது. அந்த அமைப்பும் இன்றைய தாவர உண்ணிப் பறவைகளை ஒத்திருந்தது. ஊனுண்ணிகளிலிருந்து விலகி நின்றது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எலும்பில் சுற்றியுள்ள நீரும் கனிமங்களும் ஊடுருவி மூல வேதியியலை மாற்றிவிடாதா? மாற்றக்கூடும். அதனால்தான் ஆய்வாளர்கள் பறவையின் எலும்பை மட்டும் தனியே அளந்து தீர்ப்புச் சொல்வதில்லை. காஸ்டோர்னிஸோடு ஒரே காலத்தில் வாழ்ந்த தாவர உண்ணிப் பாலூட்டிகளின் எலும்பையும் பற்களையும் அளந்து ஒப்பிடுகிறார்கள். அதைவிட முக்கியமானது, ஒன்றையொன்று சாராத சான்றுகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டுவது. கால்சியமும் கார்பனும் தசையமைப்பும் நகத்தடமும் தனித்தனி வழிகள். எல்லா வழிகளும் தற்செயலாக ஒரே தவறான முடிவுக்கு வந்து சேரும் என்று நம்புவதுதான் கடினம். என் பார்வையில், இப்போதைய முடிவின் வலிமை எந்த ஒரு தனி ஆய்விலும் இல்லை, இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது.

இந்த முடிவு ஒரு பறவையின் உணவோடு நின்றுவிடவில்லை. பேலியோசீன் கால ஐரோப்பாவில் காஸ்டோர்னிஸைவிடப் பெரிய நில விலங்கு இருந்ததில்லை. அதே காலத்தில் வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும் மிகப் பெரிய தாவர உண்ணிகளாக இருந்தவை பாலூட்டிகள். அங்கே காஸ்டோர்னிஸ் தென்படத் தொடங்குவது இயோசீனின் தொடக்கத்தில்தான். ஆகவே அன்றைய ஐரோப்பாவில் மான்களும் மாடுகளும் செய்யும் வேலையை ஒரு பறவை செய்துகொண்டிருந்தது. இதை விளக்க ஆன்ஸ்டின் குழு சுட்டிய ஒப்புமை மடகாஸ்கர். மனிதர் வருவதற்கு முன்பு அத்தீவில் யானைப்பறவைகள் பெருந்தாவர உண்ணிகளாக வாழ்ந்தன. பேலியோசீனில் ஐரோப்பா கடலால் பெரிதும் துண்டுபட்டுத் தனித்துக் கிடந்த நிலப்பகுதியாக இருந்ததால், பெருந்தீவுகளுக்கே உரிய இத்தகைய உயிர்ச்சூழல் அங்கே உருவாகியிருக்கலாம். படநூல்கள் காட்டிய கொலைப் பறவையைவிட, பாலூட்டிகளின் பங்கைத் தானே எடுத்துக்கொண்ட இந்தப் பறவைதான் எனக்கு அதிக வியப்பளிக்கிறது.

முட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்கு பிரான்சின் பேலியோசீன், இயோசீன் காலப் படிவுகளில் தடித்த முட்டையோட்டுத் துண்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. துண்டுகளின் வளைவைக் கொண்டு முழு முட்டையின் அளவைக் கணித்தபோது, அது ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்டதாக இருந்தது. நெருப்புக்கோழியின் முட்டையைவிட நீளமானது, ஆனால் அதைப் போல உருண்டையானதன்று. இவ்வளவு பெரிய முட்டையை இடக்கூடிய பறவை அக்காலத்தில் அப்பகுதியில் காஸ்டோர்னிஸ் ஒன்றே என்பதால், அவை அதன் முட்டைகளாகவே இருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. இறகுகளின் விஷயத்தில் ஒரு வேடிக்கையான குழப்பம் நிகழ்ந்தது. அமெரிக்காவில் கிடைத்த ஒரு நார்க்கற்றைப் படிவத்தை இப்பறவையின் இறகு என்று 1920களில் ஒருவர் அறிவித்தார். அதை நம்பிப் பல ஓவியர்கள் உடலெங்கும் மயிர் போன்ற இறகுகளை வரைந்தனர். அந்தப் படிவம் தாவர நார் என்பது பின்னர் தெரியவந்தது.

பெயரைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. கெய்செல்டாலில் 1950களில் கிடைத்த ஒரு மண்டையோட்டுப் பகுதி, முதலையின் எலும்பு என்று தவறாகக் குறிக்கப்பட்டு ஹாலே பல்கலைக்கழகத்தின் சேமிப்பில் பல பத்தாண்டுகள் கிடந்தது. அங்கே படிவங்களைப் பராமரிக்கும் மிகேல் ஸ்டாகே அதை மீண்டும் பார்த்தபோது, முதலைக்குரியது அல்ல என்பதை உணர்ந்தார். கெரால்ட் மேயர் உள்ளிட்ட பறவைப்படிவ ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர் 2024இல் வெளியிட்ட கட்டுரை, அதை டயாட்ரிமாவின் மண்டையோடு என்றே குறிப்பிடுகிறது. கெய்செல்டால் பறவையும் அமெரிக்கப் பறவையும் பிரான்சின் காஸ்டோர்னிஸிலிருந்து தனிப் பேரினமாகப் பிரிக்கத்தக்கவை என்பது அவர்கள் தரப்பு. இதை ஏற்றால், கோப் 1876இல் இட்ட பெயர் மீண்டும் வழக்குக்கு வரும். வயோமிங்கின் எலும்புக்கூடு தன் பழைய பெயரைத் திரும்பப் பெறும்.